முழங்கால் ஊசியும் கிரீஸும்

கல்மண்டபத்தில் எங்கள் வீட்டிற்கு எதிரே ஒரு லாரிப் பட்டறை இருக்கிறது. துறைமுகத்திற்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகளின் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளை டீசலில் கழுவி, புதிய கிரீஸைத் திணித்து மாட்டுவது அங்கே அன்றாட வேலை. கிறீச்சிட்டுக்கொண்டு வந்த வண்டி ஓசையின்றித் திரும்பிப் போகும். சென்ற ஆண்டு என் தாயாருக்கு முழங்கால் வலி முற்றியபோது பட்டறை மேஸ்திரி எனக்குச் சொன்ன ஆறுதலும் இதுவே: "இதுல இன்னா சார் இருக்குது? பேரிங்கு காஞ்சு போச்சு. ஊசியில கிரீஸ் அடிச்சா ஓடிடும்."

மேஸ்திரியை நான் குறை சொல்லவில்லை. தனியார் மருத்துவமனை ஒன்றில் எங்களுக்குச் சொல்லப்பட்டதும் ஏறக்குறைய இதேதான். மூட்டில் கிரீஸ் வற்றிவிட்டதாம். ஜெல் ஊசி ஒன்று போட்டால் ஆறு மாதங்களுக்குக் கவலையில்லையாம். விலையைக் கேட்டபோது என் மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி போய்விடும் என்று தெரிந்தது. விலை குறைந்த மற்றோர் ஊசியும் உண்டு. அது 'ஸ்டீராய்டு' என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மா பயந்துவிட்டார்.

அம்மாவுக்கு வயது 64. நாற்பது ஆண்டுகள் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் சுமந்து வந்து, தெருவோரம் குந்தியபடி விற்றவர். நாங்கள் குடியிருப்பது இரண்டாம் மாடி. படியிறங்க அஞ்சி அவர் மூன்று வாரங்களாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. "நீதான படிச்சவன், நீ சொல்லு. போட்டுக்கவா, வேணாவா?" என்று கேட்டார். பாகுநிலையையும் உராய்வையும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான். ஆயினும் இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தேடிப் படித்தேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் அந்தக் கிரீஸ் உவமை எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் தவறுகிறது என்று பார்க்க இயற்பியல் எனக்கு உதவியது.

சுமையைத் தாங்குவது எது?

முழங்காலில் தொடையெலும்பின் அடிமுனையும் கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியும் சந்திக்கின்றன. இரு முனைகளின் மீதும் சில மில்லிமீட்டர் கனமுள்ள குருத்தெலும்பு, வெண்மையாக, வழவழப்பாகப் படிந்திருக்கிறது. இந்த அமைப்பு முழுவதையும் ஓர் உறை மூடியிருக்கிறது. உறையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலம் உண்டு. இதனை மூட்டுப் படலம் எனலாம். அது சுரக்கும் நீரே மூட்டு நீர். நல்ல நிலையிலுள்ள முழங்காலில் இந்நீர் ஒரு தேக்கரண்டி அளவுகூட இராது.

சமதரையில் நடக்கும்போது முழங்காலின் மீது விழும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. படியேறும்போது அதற்கும் மேல். இவ்வளவு சுமையின் கீழும் குருத்தெலும்பின் மீது குருத்தெலும்பு சறுக்கும்போது உராய்வுக் குணகம் 0.01 என்ற அளவிலும் அதற்குக் கீழும் இருக்கிறது. எண்ணெயிடாத எஃகின் மீது எஃகு உராய்ந்தால் இது சுமார் 0.6. பனிக்கட்டி மீது சறுக்கும் எஃகுத் தகடுகூட நம் முழங்காலுக்கு ஈடாகாது!

இதன் இரகசியம் குருத்தெலும்பினுள் இருக்கும் நீர். குருத்தெலும்பின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரே. கொல்லாஜன் என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னியிருக்க, அவ்வலைக்குள் எதிர் மின்னூட்டம் கொண்ட பெரிய மூலக்கூறுகள் சிக்கியிருக்கின்றன. அவை நீரை ஈர்த்துப் பிடித்து வைத்திருக்கின்றன. திடீரெனச் சுமை விழுந்தால் அந்த நீர் உடனே வெளியேற முடியாது. நுண்ணிய துளைகளின் வழியே மெல்லத்தான் கசிய முடியும். ஆகவே நீரின் அழுத்தம் உயர்ந்து, முதல் கணத்தில் சுமையின் பெரும் பகுதியை நீரே தாங்கிவிடுகிறது. திடப்பொருளும் திடப்பொருளும் அழுந்தாத வரையில் உராய்வுக்கு இடம் ஏது?

எனவே பட்டறையில் இதற்குப் பொருத்தமான உவமை தேடினால் அது பேரிங் அன்று, டயர். லாரி டயரில் பத்து டன்னைத் தாங்குவது ரப்பரா? உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். டயரின் நூலிழைகள் அந்தக் காற்றைச் சிதறவிடாமல் இறுக்கிப் பிடிக்கின்றன. குருத்தெலும்பில் காற்றின் இடத்தில் நீர்; நூலிழைகளின் இடத்தில் கொல்லாஜன். இழைகள் நைந்தால் நீர் எளிதில் கசிகிறது. சுமை நேரே திடப்பகுதியின் மீது விழுகிறது. அது மேலும் நைகிறது. மூட்டுத் தேய்மானம் என்று நாம் சொல்லும் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் நோயில் குருத்தெலும்புக்கு நேர்வது இது. நைந்த டயருக்கு மேலே கிரீஸ் பூசி என்ன பயன்?

நைந்த இழைகளை உடல் மறுபடி நெய்யாதா என்று கேட்கலாம். இதற்கு விடை தந்தது அணுகுண்டு என்றால் நம்புவீர்களா? 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்ததால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் அது படிப்படியாகக் குறைந்தது. அந்தந்த ஆண்டில் விளைந்த உணவில் அந்தந்த ஆண்டின் கார்பன் விகிதம் பதிந்திருக்கும். அந்த உணவால் உருவான திசுவிலும் பதிந்திருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பின் கொல்லாஜனில் இந்த விகிதத்தை அளந்து 2016இல் வெளியிட்டார்கள். முதியவர்களின் குருத்தெலும்பிலும் இருந்தது அவர்களுடைய இளமைக்காலத்துக் கார்பனே! வளர்ந்த பின் அந்த இழைகள் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. நோயுற்ற மூட்டிலும் அப்படித்தான். "ஊசி போட்டால் ஜவ்வு வளரும்" என்று யாரேனும் சொன்னால் இந்தக் கார்பன் கணக்கை நினைவிற் கொள்ளுங்கள்.

கிரீஸ் பற்றிய ஒரு பழைய சோதனை

மூட்டு நீருக்கு உயவுத் தன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. அது முட்டையின் வெண்கருவைப் போன்ற கொழகொழப்பான திரவம். அந்தக் கொழகொழப்புக்குக் காரணம் ஹயலூரோனிக் அமிலம் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் 1934இல் மாட்டுக் கண்ணிலிருந்து இதனை முதன்முதலில் பிரித்தெடுத்தனர். இச்சங்கிலிகள் சிக்கலாகப் பின்னிக் கிடப்பதால் மூட்டு நீர் மெதுவான அசைவில் கெட்டியாகவும் விரைவான அசைவில் இளகியும் நடந்துகொள்கிறது. நீரும் எண்ணெயும் இப்படி நடப்பதில்லை. மூட்டுத் தேய்மானத்தில் இந்த அமிலத்தின் செறிவும் குறைகிறது. சங்கிலியின் நீளமும் குறைகிறது. திரவம் தண்ணீராகிவிடுகிறது.

இதுவரையில் மேஸ்திரி சொன்னது சரியே. குறைந்ததை ஊசி மூலம் நிரப்பலாம் என்ற எண்ணத்தை வளர்த்தவர் ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பலாஸ். பந்தயக் குதிரைகளின் மூட்டுகளில் முதலில் சோதித்தார்கள். சேவலின் கொண்டையில் இந்த அமிலம் மிகுதி என்பதால் அதிலிருந்து மருந்து தயாரானது. 1997இல் அமெரிக்க அரசு மனித முழங்காலுக்கு அனுமதி அளித்தது. ஜெல் ஊசி என்று நம்மூரில் சொல்வது இவ்வகையைத்தான். இப்போது நுண்ணுயிர்களைக் கொண்டும் தயாரிக்கிறார்கள்.

ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே, 1968இல், லின், ராடின் என்ற இருவர் ஒரு சோதனை செய்திருந்தார்கள். மூட்டு நீரில் ஒரு நொதியைச் சேர்த்து ஹயலூரோனிக் அமிலத்தைச் சிதைத்தார்கள். திரவம் தண்ணீராயிற்று; பாகுநிலை வீழ்ந்தது. ஆனால் குருத்தெலும்புகளுக்கிடையிலான உராய்வு கூடவில்லை! மாறாக, புரதங்களைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தபோது உராய்வு கூடிற்று. 1970இல் ராடினும் சகாக்களும் அந்த அமிலம் நீக்கப்பட்ட பகுதி ஒன்றை மூட்டு நீரிலிருந்து பிரித்தெடுத்து, உயவு அதில் இருப்பதைக் காட்டினார்கள். அந்தப் புரதத்திற்குப் பின்னாளில் லூப்ரிசின் என்று பெயர் வந்தது. அமிலமும் புரதமும் கொழுப்பு மூலக்கூறுகளும் சேர்ந்தே குருத்தெலும்பின் மேற்பரப்பை வழுக்கச் செய்கின்றன என்பது இன்றைய கருத்து. பாகுநிலை வேறு, உயவு வேறு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நானே இவ்விரண்டையும் பல ஆண்டுகள் ஒன்றாக எண்ணியிருந்தேன்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. ஊசியில் செலுத்தப்பட்ட சாதாரண ஹயலூரோனேட் ஓரிரு நாட்களிலேயே மூட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துத் தயாரித்த கெட்டியான வகை சில வாரங்கள் தங்கும். ஆறு மாதம் என்கிறார்களே, கிரீஸ் கழுவிக்கொண்டு போன பிறகு சக்கரம் எப்படிச் சுழலும்? பலன் உண்மையெனில் அது உயவினால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது.

வலிப்பது தேய்ந்த இடமன்று

இப்போது ஒரு வியப்பான செய்தி. குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. இரத்தக் குழாய்களும் இல்லை. அது தேய்வதை நாம் நேரடியாக உணரவே முடியாது. எக்ஸ்ரே படத்தில் மூட்டு மிகத் தேய்ந்தும் வலியின்றி நடப்பவர் உண்டு. கொஞ்சமே தேய்ந்து துடிப்பவரும் உண்டு. வலி கிளம்புவது மூட்டுப் படலம், உறை, குருத்தெலும்பின் அடியிலுள்ள எலும்பு ஆகிய நரம்புள்ள பகுதிகளிலிருந்தே.

மூட்டுப் படலத்தின் உள்வரிசை ஓரிரண்டு உயிரணுக்களின் கனமே உடையது. அங்குள்ள உயிரணுக்களில் ஒருவகை துப்புரவுத் தொழிலாளர்கள். மூட்டு நீரில் மிதக்கும் குப்பையை விழுங்குவது அவற்றின் பணி. குருத்தெலும்பு நைந்து அதன் துணுக்குகள் உதிரும்போது இவை அவற்றை விழுங்குகின்றன. விழுங்கியதோடு நில்லாமல், ஆபத்து என்று பிற உயிரணுக்களுக்கு அறிவிக்கும் இன்டர்லூக்கின் போன்ற புரதங்களை வெளியிடுகின்றன. அச்செய்தி குருத்தெலும்பின் உயிரணுக்களை எட்டியதும், அவை கொல்லாஜனை அரிக்கும் நொதிகளைச் சுரக்கத் தொடங்குகின்றன. மேலும் துணுக்குகள், மேலும் செய்திகள். இதனிடையே புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் நரம்பு முனைகளைக் கூருணர்வு பெறச் செய்வதால், சாதாரண அசைவும் வலியாகத் தோன்றுகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து முழங்கால் வீங்குகிறது.

வீக்கத்தினால் மற்றுமொரு தீங்கு. மூட்டினுள் 20, 30 மில்லி நீர் கூடுதலாகச் சேர்ந்தாலே, அந்த அழுத்தத்தை உணரும் நரம்புகள் தொடையின் முன்தசையைத் தளர்த்திவிடுகின்றன. தசை வலுவிழந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் மூட்டே வாங்குகிறது. "கால் திடீர்னு மடங்குது" என்று அம்மா சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

ஸ்டீராய்டு ஊசி வேலை செய்வது இந்தப் படலத்தில். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், வேறொரு வகை மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் செலுத்தி நடக்க வைத்தார். 1950இல் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. மருந்தை உடல் முழுவதும் செலுத்தினால் தீய விளைவுகள் மிகுதி என்று விரைவில் தெரியவந்தது. நோயுள்ள மூட்டுக்குள்ளேயே செலுத்தினால் என்ன? பிலடெல்பியாவில் ஜோசப் ஹாலண்டர் 1951இல் இதனைச் செய்து காட்டினார்.

ஸ்டீராய்டு மூலக்கூறு சிறியது, கொழுப்பில் கரைவது. ஆகவே உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளே நுழைந்துவிடும். உள்ளே அதற்கென ஓர் ஏற்பிப் புரதம் காத்திருக்கிறது. இரண்டும் இணைந்து உயிரணுவின் கருவுக்குள் சென்று, ஆபத்துச் செய்திகளைத் தயாரிக்கும் மரபணுக்களை அடக்குகின்றன. புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியும் குறைகிறது. குழாய்க் கசிவு நிற்கிறது. வீக்கம் வடிகிறது. இங்கே எதுவும் வழுக்கவில்லை. எதற்கும் எண்ணெய் இடப்படவில்லை. இரைச்சலிட்ட உயிரணுக்கள் வாய்மூடின, அவ்வளவே.

மருந்து பால்போல் கலங்கி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கரையாத நுண்படிகங்களின் கலவை. வாயில் போட்ட சர்க்கரை உடனே கரையும். கற்கண்டு நேரம் எடுக்கும் அல்லவா? அதுபோல் படிகங்கள் மூட்டினுள் மெல்லக் கரைந்து மருந்தைச் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பல சோதனைகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வின்படி, முதல் ஓரிரு வாரங்களில் ஓரளவு பலன். ஆறு வாரம் வரை சிறிதளவு. ஆறு மாதத்தில் ஏதுமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறும் என்பதையும் மறக்கக்கூடாது.

குறைந்த செலவில் சில வாரம் சுகம் என்றால் மூன்று மாதத்திற்கொருமுறை போட்டுக்கொண்டே இருக்கலாமே? பாஸ்டன் நகரில் 140 பேரிடம் இதைத்தான் சோதித்தார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. பாதிப்பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப்பேருக்கு வெறும் உப்பு நீர். இரண்டு ஆண்டுகள், பன்னிரண்டு வாரத்திற்கொருமுறை. ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்பு சராசரியாக 0.21 மில்லிமீட்டர் மெலிந்தது. உப்பு நீர் பெற்றவர்களுக்கு 0.10. இரண்டு ஆண்டு முடிவில் வலியில் வேறுபாடு இல்லை. இரைச்சலை அடக்கும் மருந்தே, இழைகளைப் பேணும் உயிரணுக்களின் வேலையையும் சேர்த்து அடக்குகிறதோ என்று ஐயுற இடமிருக்கிறது.

ஜெல் ஊசிக்கும் இப்படி ஒரு திசு விளக்கம் உண்டு. ஹயலூரோனிக் அமிலச் சங்கிலி, மூட்டுப் படல உயிரணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அழற்சியைத் தணிக்கிறது என்றும், அவ்வுயிரணுக்களையே புதிய அமிலம் சுரக்கத் தூண்டுகிறது என்றும் ஆய்வுக்கூடத் தட்டுகளில் கண்டிருக்கிறார்கள். இது உண்மையானால் மருந்து மறைந்த பின்னும் பலன் நீடிப்பதை விளக்கலாம். ஆனால் மனித முழங்காலில் அந்தப் பலன் எவ்வளவு? 169 சோதனைகளை, 21,000க்கு மேற்பட்டவர்களின் கணக்கைத் தொகுத்து 2022இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. 100 மில்லிமீட்டர் கோட்டில் வலியைக் குறித்துக் காட்டச் சொன்னால், பெரிய சோதனைகளில் ஜெல்லுக்கும் போலி ஊசிக்கும் இடையே கண்ட வேறுபாடு சுமார் 2 மில்லிமீட்டர். என் மாணவர் ஒருவர் இதைச் செய்முறைத் தேர்வில் காட்டினால், அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிட்டது என்று எழுதிவிடுவேன்.

போலி ஊசி பெற்றவர்களுக்கும் வலி நன்றாகவே குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்பார்ப்பு ஒரு காரணம். மற்றொன்று, நாம் மருத்துவரிடம் போவதே வலி உச்சத்தில் இருக்கும்போதுதான். காசிமேட்டில் கடல் ஏற்றத்தின்போது அளவுக்கோலை நட்டு, ஏதோ ஒரு மந்திரம் சொல்லி, சில மணி கழித்துப் பார்த்தால் நீர் இறங்கியிருக்காதா? நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் 'பிளேட்லெட்' ஊசியும் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த சோதனையில் உப்பு நீரை வெல்லவில்லை (2021). அந்தச் சோதனைகளில் வெல்ல முடியாதது உப்பு நீர்தான்!

அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் முழங்காலிலிருந்து வைக்கோல் நிறத்தில் ஏறக்குறைய 30 மில்லி நீரை எடுத்தார். அதைச் சொட்டவிட்டுக் காட்டச் சொன்னேன். தண்ணீர்போல் விழுந்தது, நூல் இழுக்கவில்லை. பிறகு ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி. "இது வலியைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கும்மா. அதுக்குள்ள தொடையைப் பலப்படுத்திக்கணும்" என்றார். நான் படித்த எல்லாவற்றையும் அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் 156 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்விலும், ஓராண்டு முடிவில் ஊசி போட்டவர்களைவிட இயன்முறைப் பயிற்சி பெற்றவர்களே வலி குறைந்து, நன்றாக நடமாடினார்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறையும் என்ற கணக்கையும் மருத்துவர் அம்மாவிடம் சொன்னார். மீன் எடை போட்டவருக்கு அது உடனே புரிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். காலையில் இருபது, மாலையில் இருபது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்த இயன்முறைப் பயிற்சியாளர் இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொடுத்தார். குந்தி உட்காருவதை அம்மா அடியோடு விட்டார். அதற்குத்தான் அதிக மன்றாட்டு வேண்டியிருந்தது. ஏழாவது வாரம் வலி கொஞ்சம் திரும்பியது. ஆனால் கால் மடங்குவது திரும்பவில்லை. இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடியிறங்கி, பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார்.

ஜெல் ஊசி வாங்கவில்லை. வலி மேலும் முற்றினால் மூட்டு மாற்று அறுவைதான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு போட்டிருந்தால் கிருமித் தொற்று அபாயம் கூடுமாம். அந்த நாளைக் கருதி இரண்டாவது ஊசிக்கு நாங்கள் அவசரப்படவில்லை.